அழுங்கள், தலைகுனியாமல் அழுங்கள்!

"நாய்தானே, விடு."

இப்படி ஒருவர் சொல்லும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறீர்கள். கண் சிவந்திருப்பதை யாராவது கவனித்தால் "தூசி விழுந்துடுச்சு" என்கிறீர்கள். வெங்காயம் நறுக்குகிற சாக்கில் அழுகிறீர்கள். ஆபீஸில் லீவு கேட்கும்போது வைரல் காய்ச்சல் என்று பொய் எழுதுகிறீர்கள். போதும் இந்த ஒளிவுமறைவு! பத்துப் பன்னிரண்டு வருடம் உங்கள் வாசல்படியைக் காத்த உயிர் போயிருக்கிறது. அதற்காக அழுவதற்கு யாரிடம் போய் அனுமதி வாங்க வேண்டும்?

கோவிலம்பாக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்துக்கே வேறு முகம் வந்துவிடும். மேடவாக்கம் மெயின் ரோட்டில் ஸ்வீட் கடைக்காரர்கள் நடைபாதை வரை பந்தல் போடுவார்கள். இருநூறு அடி சாலைச் சந்திப்பில் பெட்டியும் பையுமாக ஊருக்குக் கிளம்பிய குடும்பங்கள் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருக்கும். தீபாவளி, திருக்கார்த்திகை, மார்கழிக் கோலம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று தை மாதம் வரை மூச்சுவிட நேரமில்லாத கொண்டாட்டம். இத்தனைக்கும் நடுவில் ஏதோ ஒரு வீட்டில் கழுத்துப்பட்டையும் சங்கிலியும் ஆணியில் சும்மா தொங்குகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் சரவெடி கொளுத்துகிறார். அந்த வீட்டு அம்மா அடுப்பில் வைத்த எண்ணெய் புகைவது தெரியாமல் நிற்கிறார். அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை. மொட்டைமாடிக்குத் தனியாகப் போய் அழுதுவிட்டு முகம் கழுவி இறங்குகிற அப்பாவுக்காகவும்தான். ஆம்பளை ஒருவன் நாய்க்காக அழுதால் கேலி பேசுவார்களே என்ற பயம் அவருக்குக் கூடுதல் சுமை.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பார்த்துவிடுவோம். நம் ஊரில் ஒரு மனிதர் இறந்தால் ஊரே வழிவிடுகிறது. அந்த வருடம் அந்த வீட்டுக்குப் பண்டிகை இல்லை. எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். பங்காளி வீடுகளும் அடக்கியே கொண்டாடும். உறவுக்காரர்கள் தூக்குவாளியில் பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். ஏன் பட்டாசு வெடிக்கவில்லை, ஏன் புதுத்துணி உடுத்தவில்லை என்று யாரும் கேட்பதில்லை. வழக்கமே நமக்காகப் பதில் சொல்லிவிடுகிறது. இதையெல்லாம் மூடப் பழக்கம் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. துக்கத்தில் இருப்பவருக்குச் சிரிக்காமல் இருக்கிற உரிமையை ஊர் கூடிக் கொடுத்த ஏற்பாடு அது.

வீட்டு நாய் போனால் அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. தீட்டு இல்லை, பதினாறாம் நாள் இல்லை, துக்கம் விசாரிக்க வருகிற ஆள் இல்லை, ஆபீஸில் லீவும் இல்லை. காலையில் குழி மூடிவிட்டு வந்த கையால் மாலையில் மைத்துனர் குடும்பத்துக்கு அதிரசம் தட்ட வேண்டும். கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர் 1989இல் இப்படிப்பட்ட துக்கத்தைப் பற்றியே ஒரு நூலைத் தொகுத்து வெளியிட்டார். ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம், வெளியே சொல்லி அழ இடமில்லாத துக்கம், ஆறுவதற்கு மேலும் கடினமாகிவிடுகிறது என்பது அவர் வாதம். உங்களுக்கு அது அறிஞர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வலியைச் சுமக்கிற வேலை ஒன்று, வலியை மறைக்கிற வேலை ஒன்று. இரண்டாவது வேலையை இன்றோடு ராஜினாமா செய்யுங்கள்!

வழக்கம் இல்லையா, நீங்களே ஒன்றை உண்டாக்குங்கள். "இந்த வருஷம் எங்க வீட்ல எண்ணெய்ச் சட்டி வைக்கலைங்க" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். ஏன் என்று கேட்டால், "எங்க மணி போயிட்டான்" என்று குரல் தழையாமல் சொல்லுங்கள். அந்தப் பக்கம் ஒரு கணம் பேச்சு வராது. அவசரப்பட்டு நீங்கள் அதை நிரப்பாதீர்கள். "சும்மா நாய்தான், ஒண்ணுமில்ல" என்று உங்கள் துக்கத்தை நீங்களே தள்ளுபடி விலைக்கு விற்காதீர்கள். இரண்டு பேர் சிரிக்கலாம். மூன்றாவது ஆள், "எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு, அது போன வருஷம்..." என்று ஆரம்பிப்பார். அந்த மூன்றாவது ஆள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். நீங்கள் வாய் திறக்கவில்லை என்பதால் அவரும் மூடி வைத்திருக்கிறார்.

அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்காகப் பலகாரம் செய்ய வேண்டும், அவர்கள் மத்தாப்புக் கொளுத்துவதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள். நடுவில் சிரிப்பு வந்தால் சிரியுங்கள். போன உயிருக்கு அது துரோகம் ஆகாது. எண்ணெய்ச் சட்டி வைப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்கிற அதிகாரம் உங்களுடையது, அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

இனி அந்தக் கேலிப் பேச்சுக்கு வருவோம். "நாய்க்கு அழறதெல்லாம் இந்தக் காலத்து மோஸ்தர், வெள்ளைக்காரன் கிட்ட கத்துக்கிட்டது" என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்களைத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் பக்கம் கூட்டிப்போக வேண்டும். பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று அந்த ஊரில் கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டு, வட்டெழுத்து. எருமை கவர வந்தவர்களோடு பொருது மாண்ட கருந்தேவகத்தி என்ற இளவீரனுக்கு எடுத்த கல். வீரனின் உருவத்தோடு கூடவே ஒரு நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பெயரும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கள்ளனைக் கடித்து, தன் ஆளைக் காத்து நின்றது என்று அதன் செயலையும் தனியே பொறித்திருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். கல்லில் எழுத்து வெட்டுவது கைவலிக்கிற வேலை. ஒவ்வோர் எழுத்துக்கும் உளி தேய வேண்டும். வேண்டாத சொல் ஒன்றையும் அதில் வெட்டமாட்டான் சிற்பி. அவ்வளவு சிக்கனமான இடத்தில் ஒரு நாயின் பெயருக்கு இடம் ஒதுக்கியவன் நம் பாட்டன்! ஆயிரத்து நானூறு வருடம் கழித்து அந்தப் பெயரை நாம் வாசிக்கிறோம்.

விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சேவலுக்கே ஒரு நடுகல் இருக்கிறது. சண்டைக்களம் கண்ட மேற்சேரிக் கோழியின் பெருமையைச் சொல்லும் கல் அது, கோவிவனுக்கும் முந்தியது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் காளை இறந்துவிட்டால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வேட்டி துண்டு போர்த்தி, மாலை சாற்றி, மேளதாளத்தோடு ஊர் சுற்றிக் கொண்டுபோய் அடக்கம் செய்கிறார்கள். மீசை வைத்த ஆண்கள் நடுத்தெருவில் வாய்விட்டு அழுகிறார்கள். அவர்களை யாராவது கேலி செய்து பார்க்கட்டுமே! எகிப்தில் வீட்டுப் பூனை செத்தால் அந்த வீட்டார் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று கிரேக்கர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். பூனை வளர்த்தவர்கள் தங்களை மட்டும் விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம் என்பதற்காக அதையும் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது ரமணாசிரமம். உடம்பே நான் இல்லை என்று ஊருக்கு உபதேசித்த ரமண மகரிஷி, மிருகம் செத்ததற்கா வருந்துவது என்று ஒதுங்கிப் போயிருக்கலாம். அவர் என்ன செய்தார்? 1926இல் கன்றாக வந்த லட்சுமி என்ற பசு, 1948 ஜூன் 18 அன்று இறந்தது. அதன் கடைசி நேரத்தில் தொழுவத்துக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் தலையைத் தடவிக் கொடுத்தார். மனிதருக்குச் செய்வதைப் போலச் சமாதி வைக்கச் செய்தார். அதற்குத் தாமே வெண்பாவும் எழுதினார். லட்சுமிக்கு அருகிலேயே வள்ளி என்ற மானுக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும், ஒரு காக்கைக்கும்கூடச் சமாதி உண்டு. இன்றும் போனால் பார்க்கலாம். மாட்டுப் பொங்கல் அன்று லட்சுமியின் சிலைக்கு மாலை சாற்றி வழிபடுகிறார்கள். கவனியுங்கள்: பண்டிகை நாளும் போன உயிரும் அங்கே ஒன்றுக்கொன்று பகையாக இல்லை. பண்டிகைக்குள்ளேயே அதற்கு ஓர் இடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். துறவி வெட்கப்படாத இடத்தில் சம்சாரி நீங்கள் எதற்கு வெட்கப்படுகிறீர்கள்?

வெட்கத்தை இப்படி உதறிவிடலாம். குற்றவுணர்ச்சி அவ்வளவு சுலபத்தில் போகாது. அது ராத்திரியில் வருகிறது. "நான் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்கக்கூடாது", "போர்டிங்ல விட்டதாலதான் சாப்பிடாம கிடந்துச்சு", "முந்தின வாரமே டாக்டர் கிட்டக் காட்டியிருந்தா..." இப்படி வரிசையாக. இதற்கு ஆறுதல் போதாது, எதிர்வாதம் வேண்டும். செய்வோம்.

இந்த மாதங்களே நம் பகுதியில் வீட்டு விலங்குகளுக்கு ஆபத்தானவை. வடகிழக்குப் பருவமழையும் பண்டிகைகளும் ஒரே நேரத்தில் வருகிற ஊர் இது. 2015 டிசம்பர் முதல் இரண்டு நாட்களை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்கமாட்டார்கள். தாம்பரத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் அன்று பள்ளிக்கரணைப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, மனிதர்களையே படகில் ஏற்ற வேண்டியிருந்தது. தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும். உண்ணிக் காய்ச்சல் இந்த ஊரில் ஓயாத தொல்லை. இரண்டு நாள் சோர்ந்து கிடப்பதற்குள் தட்டணுக்கள் இறங்கிவிடும். சிறுநீரகக் கோளாறோ இன்னும் மோசமான கள்ளன். சிறுநீரகத்தின் நான்கில் மூன்று பங்கு வேலை நின்ற பிறகுதான் வழக்கமான ரத்தப் பரிசோதனையிலேயே அது தலைகாட்டும். உள்ளே இத்தனை நடந்தும் வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு வரும் நாய். வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம். ஊசிக்கும் கருவிக்கும் தெரியாததை, நீங்கள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று உங்களையே கூண்டில் ஏற்றுகிறீர்களே, எந்த ஊர் நியாயம் இது?

அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்ததை வைத்து அன்றைக்கு முடிவெடுத்தீர்கள். இன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைய உங்களை அடிக்காதீர்கள். கருணைக்கொலைக்குக் கையெழுத்துப் போட்டவர்களே, உங்களுக்கும்தான் இது. அந்தப் பேனாவைப் பிடிக்கத் தைரியம் வேண்டியிருந்தது. அந்த உயிரின் வலியை முடித்துவைத்து, அந்த வலியை உங்கள் பக்கம் வாங்கிக்கொண்டீர்கள். கொலைகாரன் செய்கிற வேலையா அது?

சரி, உண்மையிலேயே தப்பு நடந்திருந்தால்? கேட்டைத் திறந்து போட்டுவிட்டீர்கள், வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடியது, வண்டியில் அடிபட்டது. இதைப் பூசி மெழுக நான் வரவில்லை. மனிதன் இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரைதான் கேட்பான்; நாய் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேலும் கேட்கும். நமக்குக் கொண்டாட்டமாக இருக்கிற சத்தம் அதற்குப் போர்க்களம். தாழ்ப்பாள் போடாதது தப்புத்தான். தப்பு தாழ்ப்பாளில் இருந்தால் தாழ்ப்பாளை மாற்றுங்கள்! உங்களை நீங்களே ஆயுள் முழுக்கச் சிறையில் போட்டுக்கொள்வதால் எந்த நாயும் பிழைக்கப்போவதில்லை. உங்கள் தெருவில் இன்னும் எத்தனையோ வீட்டில் நாய் இருக்கிறது. தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று 2018இலிருந்து பட்டாசுக்கு நேரம் வரையறுத்திருக்கிறார்கள். அதை மதிப்பவர் எத்தனை பேர் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, "போன வருஷம் எங்க வீட்ல ஒரு உயிர் இதால போச்சு" என்று சொல்ல இந்தத் தெருவில் உங்களைவிடத் தகுதியான ஆள் யார்?

ஓடிப்போன நாய் இன்னும் கிடைக்கவில்லையா? அப்படியானால் இந்தக் கட்டுரையை மடித்து வையுங்கள். உங்களுக்கு இது இன்னும் துக்க வேளையே இல்லை. மிரண்ட நாய் பெரும்பாலும் எங்காவது ஒடுங்கிக் கிடக்கும். நிறுத்தியிருக்கிற கார்களுக்கு அடியில், கட்டி முடியாத கட்டடத்தில், கால்வாய்ப் பாலத்துக்குக் கீழே பாருங்கள். பகல் சந்தடியில் வெளியே வராது. வெடிச்சத்தம் அடங்கிய பின்னிரவில், இரண்டு மணிக்கு மேல் போய், உரக்கக் கத்தாமல் வழக்கமான குரலில் கூப்பிடுங்கள். கண்ணில் பட்டால் துரத்தாதீர்கள், தரையில் உட்கார்ந்துவிடுங்கள். அது படுத்த துணியைக் கேட் ஓரத்தில் போட்டு வையுங்கள். போட்டோவை டீக்கடையிலும் பால் பூத்திலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் ஒட்டுங்கள், தெரு வாட்ஸ்அப் குழுக்களில் போடுங்கள், சுற்றியிருக்கிற கால்நடை மருத்துவர்களிடமும் வேளச்சேரி ப்ளூ கிராஸிலும் சொல்லி வையுங்கள். வாரங்கள் கழித்துக் கிடைத்த நாய்களும் உண்டு. அழுவதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது. இப்போது டார்ச்சை எடுங்கள்!

இறந்த நாயின் உடலை என்ன செய்வது என்பது, பேச யாருக்கும் பிடிக்காத ஆனால் பேசியாக வேண்டிய விஷயம். கார்த்திகையில் நம் பக்கம் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கிற மேட்டு நிலம், கிணறோ போர்வெல்லோ பக்கத்தில் இல்லாத நிலம், உரிமையாளர் சம்மதத்தோடு கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் விலங்குகளைத் தகனம் செய்யும் வசதி எங்கே இருக்கிறது என்று மருத்துவரிடமே கேளுங்கள். சாக்கில் கட்டிச் சதுப்பு நிலத்து ஓரம் போட்டுவிட்டு வருகிற காரியத்தை மட்டும் செய்யாதீர்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் உலக ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இறுதி மரியாதை செய்த கை வேறு விதமாக ஆறும். நீங்கள் குளிப்பாட்டி வளர்த்த உயிர் அது.

பிள்ளைகளிடம் "ஊருக்குப் போயிருக்கு", "பண்ணையில விட்டிருக்கோம்" என்றெல்லாம் கதை சொல்லாதீர்கள். அரையாண்டு விடுமுறை முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தை. செத்துப்போச்சு, இனி வராது, எங்களுக்கும் அழுகையாக வருது என்று சொல்லுங்கள். அப்பா அம்மா அழுது, பிறகு எழுந்து தோசை வார்ப்பதைப் பார்க்கிற பிள்ளை, துக்கத்தோடு வாழ்வது எப்படி என்பதைப் புத்தகம் இல்லாமல் கற்றுக்கொள்கிறது. தாத்தா பாட்டிகளை இன்னும் கூர்ந்து கவனியுங்கள். பிள்ளைகள் எல்லாம் வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்க அவர்களோடு பேசிக்கொண்டிருந்தது அந்த நாய் ஒன்றுதான்.

இப்போது நிமிர்ந்து உட்காருங்கள். உங்களைப் பற்றி உங்களுக்கே கொஞ்சம் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

மார்கழிப் பனியில் ஐந்து மணிக்கு எழுந்து, ஒரு நாள்கூடத் தவறாமல் அதைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினீர்களே, அது யார்? உங்களுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை போட மறப்பவர், அதற்குத் தயிர்சாதத்தில் மறைத்து மூன்று வேளை மாத்திரை கொடுத்தீர்களே, அது யார்? "நாய் இருந்தா வீடு தரமாட்டோம்" என்று ஹவுஸ் ஓனர்கள் கதவை மூடியபோது, "அப்ப உங்க வீடு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சுண்ணாம்பு கொளத்தூருக்கும் மேடவாக்கத்துக்கும் நடையாய் நடந்து வேறு வீடு பிடித்தீர்களே, அது யார்? முப்பது கிலோ உடம்பை இரண்டு மாடி தோளில் தூக்கி இறங்கினீர்கள். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி ஆஸ்பத்திரி வரிசையில், மழையில் நனைந்தபடி, மடியில் அதை வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். கடைசி மாதத்தில் தரையெல்லாம் அசுத்தம் ஆனபோது முகம் சுளிக்காமல் துடைத்தீர்கள். ட்ரிப் பாட்டிலைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி ஜன்னலோரம் விடியும்வரை நின்றீர்கள். யாரும் சம்பளம் தரவில்லை. யாரும் கைதட்டவில்லை. வாய் திறந்து நன்றி சொல்லத் தெரியாத ஓர் உயிருக்காக இத்தனையும் செய்த ஆளையா "மனசு வீக்கா இருக்கு" என்கிறார்கள்?

உங்கள் மனசு இரும்பு ஐயா! அழுகிற இரும்பு. அதனால்தான் இவ்வளவு பாரம்.

அந்த உழைப்பு அந்த நாயோடு போய்ச் சேர்ந்துவிடவில்லை. உங்கள் கையிலும் காலிலும் அப்படியே இருக்கிறது. விடிகாலை ஐந்து மணிக்குக் கண் தானாக விழித்துக்கொள்கிறதே, அதுதான் சாட்சி. இப்போது உங்களை அறுப்பதும் அந்த ஐந்து மணிதான். படுக்கையிலேயே புரண்டு கிடந்தால் அந்த நேரம் உங்களைத் தின்றுவிடும். எழுந்திருங்கள். செருப்பை மாட்டுங்கள். அதே தெருவில், அதே வளைவில், கை வீசி நடங்கள். முதல் வாரம் கால் பின்னும், பின்னட்டும்.

மிச்சம் இருக்கிற பிரிக்காத மருந்தையும் தீவனப் பையையும் பரண்மேல் போட்டுப் பூட்டாதீர்கள். காலாவதி ஆவதற்குள் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வேளச்சேரி நமக்குக் கூப்பிடு தூரம். 1959இல் கேப்டன் சுந்தரம் குடும்பத்தார் தொடங்கிய ப்ளூ கிராஸ் அங்கே இருக்கிறது. தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து விடும் திட்டத்தை 1964லேயே ஆரம்பித்த இடம். உங்களிடம் இருக்கிற கம்பளியும் சங்கிலியும் தட்டும் அங்கே ஏதோ ஒரு காயம்பட்ட உயிருக்கு இன்றைக்கே வேண்டியிருக்கும். கொடுக்க மனசு வரவில்லையா? ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போகிக்கு எரித்துவிடு என்று யாராவது சொன்னால், எரிக்கப் பழைய பாய் எத்தனையோ இருக்கிறது, இது கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.

"உடனே இன்னொரு குட்டி வாங்கிடு, சரியாயிடும்" என்பார்கள். அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் வேண்டாம், இப்போது வேண்டாம். புத்தாண்டுப் பரிசாகவும் வேண்டாம். போனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தால் அந்தக் குட்டி பாவம். எதைச் செய்தாலும் "அவன் இப்படிப் பண்ணமாட்டான்" என்று கேட்டே வளர வேண்டியிருக்கும். இதில் மருத்துவக் காரணமும் இருக்கிறது. உங்கள் நாய் பார்வோ வைரஸால் இறந்திருந்தால் அந்தக் கிருமி வீட்டிலும் தோட்டத்து மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தரையைப் பிளீச்சிங் கரைசலால் கழுவி, மருத்துவர் சொல்கிற காலம் வரை காத்திருந்து, தடுப்பூசி முடிந்த நாயாகக் கொண்டுவருவதுதான் முறை. அவசரத்தில் ஒரு குட்டியைக் கொண்டுவந்து அதையும் பறிகொடுத்த வீடுகள் உண்டு. மனசு தயாரானால் உங்களுக்கே தெரியும். அன்றைக்கு யாரையும் கேட்க வேண்டாம். இனிமேல் நாயே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் வீராப்புக் காட்டாதீர்கள். வாரங்கள் போயும் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, நானும் போய்விட்டால் என்ன என்று எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்றால் போனை எடுங்கள். 14416 டெலிமானஸ் எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். 104இலும் பேசலாம். "நாய் செத்ததுக்கு போன் பண்ணேன்னு சொன்னா சிரிப்பாங்களோ" என்று தயங்காதீர்கள். உதவி கேட்பதற்கும் நெஞ்சில் உரம் வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது என்பதைத்தானே இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

தை பிறக்கும். மாட்டுப் பொங்கல் வரும். கோவிலம்பாக்கத்தில் இன்றைக்கு எத்தனை வீட்டில் மாடு இருக்கிறது? வயலும் ஏரிப் பாசனமுமாக இருந்த ஊர், இப்போது ஃபிளாட்டும் கார் ஷெட்டுமாக நிற்கிறது. மாடு இல்லாத வீட்டிலும் மாட்டுப் பொங்கல் வைக்கிறோமே, எதற்கு? கூட இருந்து உழைத்த வாயில்லா ஜீவனுக்கு நன்றி சொல்லத்தானே. அன்று காலை, பானை பொங்கியதும் முதல் கரண்டியை வாழையிலையில் எடுத்து வைத்து, உங்கள் நாயின் பெயரை, பூனையின் பெயரை, சத்தமாகச் சொல்லுங்கள். உறவுக்காரர்கள் கூடியிருக்கும்போதே சொல்லுங்கள். மைத்துனர் ஒரு மாதிரி பார்த்தால் அவருக்கு எடுத்தனூர்க் கதையைச் சொல்லுங்கள். கோவிவன் பெயரைச் சொல்லிவிட்டு, வேண்டுமானால் ஒரு கரண்டி பொங்கல் சேர்த்துப் போடுங்கள்.

பிறகு அந்த இலையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போங்கள். வண்டிக்கு அடியில் படுத்திருக்கிற கறுப்பனும் வெள்ளையும் உங்களை ஏற்கனவே அறிவார்கள். இத்தனை வருடம் உங்கள் நாயைப் பார்த்துக் குலைத்தவர்கள்தானே. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "எங்கண்ணே, ஆளையே காணோம்?" என்று கேட்பார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு பதில் சொல்லுங்கள். எப்படி இருந்தான், எப்படிப் போனான், கடைசி நாளில் என்ன சாப்பிட்டான் என்று முழுக்கச் சொல்லுங்கள். அவர் இன்னொரு டீ போடுவார். குடித்துவிட்டு வாருங்கள்.